சவூதி பெண்கள் போராடிப் பெற்ற உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டும் உரிமையைப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானின் கொடையாகவே பலரும் எழுதிவருவது வருத்தமளிக்கிறது. 1990 நவம்பரில், ஈராக் படைகள் குவைத்தைப் பிடித்து வைத்திருந்த பதற்றமான நாட்களில், 47 பெண்கள் தடையை மீறி ரியாத் வீதிகளில் கார்களில் வலம்வந்தார்கள். கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, பலரது அரசு வேலையும் பறிபோனது. 2018 ஜூன் 24 அன்று தடை விலகியது உண்மைதான். ஆனால், அதே உரிமைக்காகக் குரல்கொடுத்த லுஜைன் அல்-ஹத்லூல் உள்ளிட்ட பெண்கள் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கைதுசெய்யப்பட்டார்கள். லுஜைன் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். அப்போதும் வெளிநாடு செல்லத் தடை தொடர்ந்தது.

2019இல் 21 வயது நிரம்பிய பெண்கள் தந்தை, கணவர் போன்ற ஆண் காப்பாளரின் ஒப்புதலின்றிக் கடவுச்சீட்டு பெற வழி பிறந்ததை நான் மனமார வரவேற்கிறேன். எனினும், 2022இல் வந்த குடும்பச் சட்டம், பெண்ணின் திருமணத்துக்கு ஆண் காப்பாளர் தேவை என்பதை எழுத்திலேயே உறுதிசெய்துவிட்டது. அரசியல் கட்சிகளுக்கு அனுமதியில்லாத, ஷூரா என்னும் ஆலோசனை மன்றத்தின் 150 உறுப்பினர்களையும் அரசரே நியமிக்கும் நாட்டில், குடிமக்கள் கேட்டுப் பெற்றதாக எதுவும் தோன்றிவிடக் கூடாது என்ற கவலையே இந்தக் கைதுகளுக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

சவூதியின் சீர்திருத்தங்களைப் பற்றி எழுதும்போது, அந்த 47 பேரையும் சிறை சென்ற பெண்களையும் தங்கள் நாளிதழ் மறவாமல் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், திருச்சி