லக்ரோஸ் ஆடும் மகள்களும் கல்லூரி உதவித்தொகைக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் விளையாட்டின் வழியாகக் கல்லூரி உதவித்தொகை பெறுவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், டென்னிஸ், நீச்சலோடு பெண்கள் லக்ரோஸும் ஒரு வரியில் இடம்பெற்றிருந்தது. அந்த ஆட்டம் ஆழமாக வேரூன்றிய மேரிலாந்து மாநிலத்தில் வசித்து, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை ஒரு கிளப் அணிக்கு அனுப்பிவரும் தாய் என்ற முறையில், அந்த ஒரு வரியை நம்பிக் குடும்பங்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி ஓடிக் கோல் போடும் இந்த ஆட்டம், வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு இதையும் சேர்த்த பிறகுதான் நம்மவர் பலருக்கு இதன் பெயரே தெரியவந்தது.

கிளப் கட்டணம், கோடைக்காலப் போட்டிகளுக்கான பயணம், ஓட்டல் அறை, மட்டை, கண்கவசம் என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கரைகிறது. (வார இறுதித் தமிழ்ப் பள்ளி வகுப்புகள் தவறிப்போவது இந்தக் கணக்கில் சேராது.) போட்ட பணம் உதவித்தொகையாகத் திரும்பி வந்துவிடும் என்று பெற்றோர் பேசிக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில், ஒரு பெண்கள் லக்ரோஸ் அணிக்கு 12 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகையே நெடுங்காலம் உச்சவரம்பாக இருந்தது. அதை முப்பதுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளுக்குப் பயிற்சியாளர் பிரித்துக் கொடுப்பார். கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 38 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வேறொரு வரம்பு வந்திருக்கிறது. ஆனால் அந்த 38 பேருக்கும் பணம் தந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தருவதில்லை. ஐவி லீக்கில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே உண்டு; மூன்றாம் பிரிவில் பல கல்லூரிகள் படிப்புத் திறமைக்கும் உதவி தருகின்றன.

பணத்தைவிட, இடம் கிடைப்பதில்தான் இந்த ஆட்டம் கைகொடுக்கிறது. 2022 முதல் 2024 வரை மூன்றாம் பிரிவுப் பட்டத்தைத் தொடர்ந்து வென்ற மிடில்பரி போன்ற கல்லூரிகளில் இடம் கிடைப்பது படிப்பில் முதல் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கே அரிது. இத்தகைய கல்லூரிகளில், பதினோராம் வகுப்பு முடிந்த கோடையிலேயே, பயிற்சியாளர் விரும்பும் மாணவியின் மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டிப் பார்த்து, வாய்ப்பு எப்படி என்று சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் அந்தக் கதவும் திறக்காது என்பதால், போட்டிகளுக்காக வேதியியல் பாடத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் எதை நம்பி அப்படிச் செய்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊரில் பெற்றோர் மிகவும் குழம்புவது காலக்கணக்கில்தான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளிடமே கல்லூரிகள் வாய்மொழி உறுதி வாங்கிவந்த நிலையை மாற்ற, 2017-இல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி, முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள், மாணவி பதினோராம் வகுப்பில் இருக்கும் ஆண்டின் செப்டம்பர் 1-க்கு முன்பு அவளோடும் பெற்றோரோடும் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. ஆகவே, பத்தாம் வகுப்பு மாணவி அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வராததை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே காலத்தில் கல்லூரிகள் தங்கள் பயிற்சி முகாம்களுக்கு அழைப்பு அனுப்ப விதி தடை செய்வதில்லை. பெயர் போட்டு வரும் அந்த அழைப்பு பெரும்பாலும் எல்லாருக்கும் போவது, முகாமுக்குக் கட்டணமும் உண்டு. அதைக் கண்டதும் ஊருக்கு போன் செய்து உறவினரிடம் சொல்லிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் 1-க்குப் பின் கிடைக்கும் வாய்மொழி உறுதியும் இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உதவித்தொகை ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தாகும் வரை எதுவும் முடிவானதாகாது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று பழகிய நாம், மகளின் பெயரில் நாமே மின்னஞ்சல் எழுதுகிறோம். தொலைபேசி அழைப்பிலும் குறுக்கே பேசுகிறோம். நான்கு ஆண்டுகள் தம்மிடம் பயிலப்போகும் பெண் தனக்காகத் தானே பேசுகிறாளா என்பதையும் பயிற்சியாளர்கள் கவனிக்கிறார்கள். அவள் தயங்கித் தயங்கிப் பேசினாலும் அவளே பேசட்டும். பெற்றோர் கேட்க வேண்டியவை பணத்தையும் படிப்பையும் பற்றியவை: உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா, இந்த ஆட்டத்தில் அடிக்கடி நேரும் முழங்கால் தசைநார்க் காயத்தால் அவள் ஒரு பருவம் உட்கார நேர்ந்தால் அது தொடருமா, அவள் விரும்பும் பாடத்தின் ஆய்வக நேரம் பயிற்சி நேரத்தோடு மோதுமா என்பன.

இதே பொருளில் தாங்கள் மீண்டும் கட்டுரை வெளியிட்டால், செப்டம்பர் 1 விதியையும், விளையாட்டு உதவித்தொகையே இல்லாத கல்லூரிகளைப் பற்றிய செய்தியையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிளப் அணிகளுக்கு அடுத்த ஆண்டுக்கான முன்பணம் கட்டும் காலத்திற்கு முன்பே அது வெளிவந்தால் பல குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
எலிகாட் சிட்டி, மேரிலாந்து