எலி மெலிந்தது சரி, அறை எத்தனை டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘புதிய மருந்து எலிகளின் எடையைக் குறைத்தது’, ‘ஓடிய எலிக்கும் ஓடாத எலிக்கும் கலோரிச் செலவில் பெரிய வித்தியாசமில்லை’ என்பது போன்ற செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ஒரு மருத்துவக் கல்லூரியின் அனிமல் ஹவுஸில், அதாவது ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் கூடத்தில், கூண்டு கழுவி, தீவனம் வைத்து, எடையைக் குறித்துவைத்து ஓய்வுபெற்றவள் நான். இந்த மாதிரிச் செய்தியில் நான் முதலில் தேடுவது எலிகளை வைத்திருந்த அறையின் வெப்பநிலையைத்தான். பெரும்பாலும் அது இருப்பதில்லை.

எங்கள் அறையில் ஏசி 22 டிகிரியில் ஓடும். கவுன், கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் எங்களுக்கு அது இதமாக இருக்கும். கூண்டுக்குள் நிலைமை வேறு. பகலில் அத்தனை சுண்டெலிகளும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டிக் கிடக்கும். உமிக்கு மேல் கொஞ்சம் டிஷ்யூ பேப்பர் போட்டுவிட்டுப் போனால், காலையில் அதை நார் நாராகக் கிழித்துக் கூடு கட்டித் தலைவரை மூடியிருக்கும். கோடையில் ஏசி பழுதாகி அறை 30 டிகிரியைத் தொடும் நாட்களில் அதே எலிகள் தனித்தனியாகக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கும். மறுநாள் நிறுத்துப் பார்த்தால் தீவனம் நிறைய மிஞ்சியிருக்கும். புதிதாக வந்த மாணவர்கள், எலிக்கு ஏதோ நோய் என்று பதறுவார்கள். நோய் ஒன்றுமில்லை. குளிரைச் சமாளிக்கத் தின்ன வேண்டியிருந்த தீனி அது, அவ்வளவுதான்.

சுண்டெலியின் எடை 25 கிராம் அளவில்தான். அந்தச் சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு மிக அதிகம். சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கூடுதல் செலவில்லாமல் உடல் சூட்டைக் காக்க அதற்குச் சுமார் 30 டிகிரி வேண்டும். அமெரிக்காவின் ஆய்வக விலங்குப் பராமரிப்புக் கையேடு சொல்வதோ 20 முதல் 26 டிகிரி. 22 டிகிரியில் வைத்த எலி, ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை சூடு காக்கவே போய்விடுகிறது. இதயம் நிமிடத்துக்கு 600 தடவையை நெருங்கித் துடிக்கும். 30 டிகிரியில் அது வெகுவாக அடங்கிவிடும். நாம் சட்டை போடுகிறோம், போர்வை போர்த்துகிறோம். நமக்குக் குளிருக்கென்று ஆகும் செலவு சொற்பம்.

ஓட்டத்துக்கு வருகிறேன். ஓடும்போது தசையில் சூடு பிறக்கிறது. குளிர்ந்த அறையில் அந்தச் சூடு வீணாவதில்லை. உடம்பு, தன்னைக் காக்க எரிக்க வேண்டியதில் அந்த அளவைக் குறைத்துக்கொள்கிறது. ஓடாமல் படுத்திருக்கும் எலி அதே சூட்டுக்காக, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள, சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பை வேலை வாங்குகிறது. நாள் முடிவில் இரண்டின் கணக்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது. கேம்பிரிட்ஜில் விடால்-புய்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2012-ல் இதை விளக்கி எழுதினார்கள். 30 டிகிரியில் இந்த ஈடுகட்டல் கிடையாது. ஓட்டத்தின் செலவு தனியாகத் தெரியும். சர்க்கரை நோயுள்ள என் தங்கை, ஓட்டத்தால் எலிக்குப் பயனில்லை என்று எங்கோ படித்துவிட்டு மாலை நடையை நிறுத்திவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அறையை மாற்றினால் முடிவே தலைகீழாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பழுப்புக் கொழுப்பில் சூட்டை உண்டாக்குவது யுசிபி1 என்ற புரதம். அது இல்லாமல் போனாலும் எலிகள் குண்டாகிவிடுவதில்லை என்று 1997-ல் வெளியான ஆய்வு சொன்னது. உடல் பருமனுக்கும் அந்தப் புரதத்துக்கும் சம்பந்தமில்லை என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2009-ல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட எலிகளை 30 டிகிரியில் வளர்த்தபோது அவை குண்டாகிவிட்டன. பன்னிரண்டு வருடம் மறைந்திருந்த உண்மை, அறையைச் சூடாக்கியதும் வெளியே வந்தது.

எல்லா எலிகளையும் 30 டிகிரியில்தான் வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மனிதனின் நிலைக்கு ஒப்பாக இருக்க, தனியாக வளரும் எலிக்கு 23 முதல் 25 டிகிரி போதும் என்று ஸ்பீக்மேன், கெய்யர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சூடு அதிகமானாலும் எலி தாங்காது. 35-ஐத் தாண்டிய அறையில் அவை தவிப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். நிபுணர்களே இவ்வளவு விவாதிக்கிற ஒரு விஷயம் செய்தியில் மட்டும் காணாமல் போவதுதான் என் ஆதங்கம்.

அறை எத்தனை டிகிரி, கூண்டுக்கு எத்தனை எலி, கூடு கட்ட ஏதாவது கொடுத்தார்களா, ஓடுவதற்குச் சக்கரம் இருந்ததா: இந்த நான்கையும் தயவுசெய்து இரண்டு வரியில் சேர்த்துப் போடுங்கள். ஆய்வுக் கட்டுரையில் செய்முறைப் பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் இவை இருக்கும். அங்கும் கிடைக்காவிட்டால், அந்தச் செய்திக்கு ‘உடல் எடை குறைய வழி’ என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
அனிமல் ஹவுஸ் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற வாசகி,
மதுரை