நமது மிதிவண்டி மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இன்னும் வந்துகொண்டே இருப்பவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சென்ற ஆண்டு 58 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 63. செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஞாயிறு காலை கல்லணைப் பயணம், மழை நாட்கள் தவிர, தடையின்றி நடந்தது. சரி, இனி திருச்சியிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போன செப்டம்பர் பயணத்துக்கு வருகிறேன்.

ஆம்புலன்ஸ் பணியில் இறந்தவர்களின் நினைவாக நாள்கணக்கில் மிதிவண்டி ஓட்டும் வழக்கம் அமெரிக்காவில் 2002-இல் தொடங்கியது. ஓட்டுபவர்கள் இறந்தவரின் பெயர் பொறித்த சிறு தகட்டைச் சுமந்து செல்வார்கள். ஏப்ரல் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல நூத்தியெட்டு வண்டியில வேலை பார்த்து செத்தவங்க ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. இத்தனைக்கும் என்னையும் சேர்த்து நம்மில் நான்கு பேரை அந்த வண்டி தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. என்னைத் தூக்கியவர் பெயரை நான் கேட்கவே இல்லை.

பெயர்களைத் தேட நான்கு மாதம் ஆனது. இப்போது வேலையில் இருக்கும் பைலட்டுகளும் இஎம்டிகளும்தான் ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லி உதவினார்கள். (புதியவர்களுக்காக: வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள், பின்னால் நோயாளியோடு இருப்பவர் இஎம்டி.) திருச்சி முதல் குமரி வரை வழியோர மாவட்டங்களில் ஏழு பெயர்கள் கிடைத்தன. நான்கு பேர் 2021 கொரோனா அலையில் போனவர்கள். மூன்று பேர் சாலை விபத்தில். அந்த மூன்றில் இரண்டு, நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, சைரன் போடாமல், காலி வண்டியோடு திரும்பும்போது விடியற்காலையில் நடந்தவை. குடும்பங்களிடம் பயணத்துக்கு மட்டுமே அனுமதி வாங்கினோம். அதனால் இங்கே பெயர்களை எழுதவில்லை.

ஏழாவது பெயரால் செயற்குழுவில் ஒரு சண்டை வந்தது. அவர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அல்ல, அமரர் ஊர்தி ஓட்டியவர். "உயிரைக் காப்பாத்துற வேலை இல்லையே" என்றார் ஒருவர். சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த நாட்களில் பிணத்தை ஏற்றி இறக்கியவர் அவர் என்று பதில் வந்தது. வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு நான்கு என்று சேர்த்துக்கொண்டோம். எதிர்த்து வாக்களித்த ஒருவரே அந்தப் பெயர் எழுதிய துணியைக் கேட்டு வாங்கி, பயணத்தில் முதுகில் கட்டிக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15. அந்தத் தேதியில் கன்னியாகுமரி சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். செப்டம்பரில் கயத்தாறு பக்கம் காற்று சும்மா விடாது, அங்கே காற்றாலைகளை அழகுக்கா நட்டிருக்கிறார்கள் என்று மூத்தவர்கள் எச்சரித்தார்கள். நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.

13-ஆம் தேதி அதிகாலை நாலரை மணிக்கு 14 பேர் கிளம்பினோம். ஒரு பெயருக்கு இருவர். சுமார் 380 கிலோமீட்டர், மூன்று நாள். விராலிமலை தாண்டும்போதுதான் வெளுத்தது. மேலூரில் டிபன் கடை வாசலில் சைக்கிள்களை நிறுத்திப் பாதித் தெருவை அடைத்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்னால் சைரன். கை கழுவாமல் ஓடிப்போய் வண்டிகளை இழுத்து வழிவிட அரை நிமிடமாவது ஆகியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று அச்சடித்த இரண்டாயிரம் நோட்டீஸ் எங்கள் பையில்தான் இருந்தது. அன்று மதுரை வரை யாரும் அதிகம் பேசவில்லை.

இரண்டாம் நாள் காற்று. சாத்தூர் தாண்டியதும் வலப்பக்கமிருந்து அறைந்தது. சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துத்தான் ஓட்ட முடிந்தது. கோவில்பட்டியில் வாங்கிய கடலை மிட்டாயை நம்பி, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் கயத்தாறைக் கடந்தோம். திருநெல்வேலி சேர இரவு ஒன்பது. இருவர் கூட வந்த வேனில் ஏறினார்கள். அவர்கள் பெயர்த் துணிகளை மற்றவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நாங்குநேரி அருகே டீக்கடையில் பெரியவர் ஒருவர் ஆறு மணியிலிருந்து காத்திருந்தார். விபத்தில் இறந்த பைலட்டின் அப்பா. நாங்கள் இறங்கியதும் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இதுல எம்மவன் யாரு தம்பி?" என்றார். அந்தப் பெயரைக் கட்டியிருந்த இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், இன்னொருவர் கல்லூரி மாணவர். இருவரும் கையைத் தூக்கினார்கள். பெரியவர் மாணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. பத்து வயசுலயே டிராக்டர்ல ஏறிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோர் டீக்கும் அவரே காசு கொடுத்தார். விடவே இல்லை.

கன்னியாகுமரியில் விழா எதுவும் வைக்கவில்லை. கடலைப் பார்த்து நின்று ஏழு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தோம். அப்புறம் பசி.

கணக்கு: நன்கொடை ரூ. 2,14,500. பயணச் செலவை ஓட்டியவர்களே ஏற்றார்கள். ஐந்து குடும்பங்களுக்குத் தலா ரூ. 40,000 கொடுத்தோம், இரண்டு குடும்பங்கள் பணம் வேண்டாம் என்றுவிட்டன. மீதி ரூ. 14,500 டிசம்பர் முதலுதவிப் பயிற்சிக்குச் செலவானது. இதயம் நின்றுபோனவருக்கு, மார்பை ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்று இஎம்டி ஒருவர் பொம்மையில் செய்து காட்டினார். இரண்டு நிமிடத்தில் நமக்கு மூச்சு வாங்கிவிட்டது. குமரி வரை ஓட்டிய கால்கள் இதற்கு உதவாது என்று தெரிந்தது.

அடுத்த பயணத்தைப் பொங்கலுக்குப் பிறகு வைக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நான் இன்னமும் செப்டம்பர் 15 கட்சிதான். காற்று அடித்தால் அடிக்கட்டும். வாக்கெடுப்பு மதிய உணவுக்கு முன் நடக்கும். 21 பேர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள்; பாக்கி உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டி, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்