பழைய கார்ட்டூன் புது காமிக்ஸா வருது சரி, பிள்ளேளுக்கு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய கார்ட்டூன் எல்லாம் வெளிநாட்டுல புது காமிக்ஸா வந்துட்டு இருக்குன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, வாசிச்சேன், கொள்ளாம். ஆனா கட்டுரை முழுக்க 90ஸ் கிட்ஸ் கொண்டாட்டம், 2கே கிட்ஸ் கொண்டாட்டம்னே போகுது, இப்போ நிஜமாவே கிட்ஸா இருக்கற பிள்ளேளுக்கு அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி கூட காணல. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

முதல்லயே சொல்லிடுறேன், பழசைப் புதுசாக்கற இந்த ரீபூட் மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. 2023 அக்டோபர்ல ஸ்கைபவுண்ட் கம்பெனி ஆரம்பிச்ச, கார், லாரியா மாறற ரோபோக்களோட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ் இருக்கே, டேனியல் வாரன் ஜான்சன் எழுதினது, முதல் ஆறு இதழ் அவரே வரஞ்சதும் கூட, அது சும்மா தீயா இருக்கும். ரோபோ ஒண்ணை ஒண்ணு தூக்கி அடிக்கறதை மல்யுத்தம் மாதிரி வரஞ்சிருப்பாரு, பேப்பர்ல இருக்கற படம் நகருதோன்னு தோணும். அமெரிக்காவுல காமிக்ஸுக்குக் குடுக்கற பெரிய விருது ஐஸ்னர், 2024ல தொடர்ந்து வர்ற காமிக்ஸுக்கான ஐஸ்னர் அதுக்குத்தான் கிடைச்சுது, எழுதி வரையறவங்களுக்கான ஐஸ்னரும் அந்த வருஷம் ஜான்சனுக்குத்தான், ரெண்டும் தகுந்த ஆளுக்குத்தான் போச்சு. ஆனா சார், முதல் இதழ்லயே மஞ்சக் காரா மாறற நல்ல ரோபோ பம்பிள்பீயை வில்லன் ஸ்டார்ஸ்கிரீம் சுட்டுக் கொன்னுடுறான். பின்னாடி நல்ல ரோபோக்களோட தலைவர் ஆப்டிமஸ் பிரைமுக்கு கை போயி, எதிரி மெகாட்ரானோட கையை எடுத்து மாட்டிக்கிட்டு அலையறாரு. பெரியவனா வாசிச்சா செம ஐடியா. ரெண்டாங்கிளாஸ் படிக்கற என் அக்கா மவனுக்கு மஞ்சக் கலர் கார்னா உயிரு, அவன் கையில இதை எப்படிக் கொடுக்க? "மாமா, இவன் எதுக்கு செத்தான்?"னு கேட்டா நான் விற்பனை தந்திரம்னா சொல்ல முடியும்.

விலையையும் பாருங்க. அமெரிக்காவுல ஒரு மெல்லிசான இதழ் சுமாரா நாலு டாலர், நம்ம காசுக்கு 300 ரூபாய்க்கு மேல, அதுவும் இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி. ஒரே கதைக்கு அஞ்சாறு அட்டைப்படம் வேற போடுறாங்க, ஒரே ஆளு எல்லாத்தையும் வாங்கணும்னு. எந்தப் பிள்ளை ஒரே கதையை அட்டை மாத்தி அட்டை வாங்கும்? அது சம்பளம் வாங்கற ஆளுக்கு வீசுற வலை. நானும் அதுல மாட்டின மீன்தான், அதை விடுங்க.

கார்காய்ல்ஸ்னு ஒரு கார்ட்டூன், 1994ல டிஸ்னி எடுத்தது. அதை உருவாக்கின கிரெக் வைஸ்மனே 2022ல டைனமைட் கம்பெனிக்காக அந்தக் கதையை காமிக்ஸா தொடர்ந்து எழுத ஆரம்பிச்சாரு. அதே ஆளு அதே கதையை எழுதறது பழைய ரசிகனுக்கு பெரிய பாக்கியம், ஒத்துக்கறேன். ஆனா அதுவும் முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குத்தான், புதுசா ஒரு பிள்ளை உள்ள வர்றதுக்கு கதவு கொஞ்சம் சின்னது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2007ல சுட்டி டிவி வந்தப்போ ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்ம் கூட மாத்தாம ஜாக்கி சான் கார்ட்டூன் பாத்த கூட்டம் நாங்க. நல்ல சண்டை வர்ற நேரமா பாத்து கரண்ட் போவும், அந்த 2008லேருந்து 2012 வரைக்கும் கரண்ட் கட்டு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், மறுநாள் கிளாஸ்ல யாரு வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கோ அவன்தான் ராஜா, அவன்கிட்ட கேட்டுத்தான் மீதிக் கதை. பன்னெண்டு மந்திரக் கல்லு, முயலுக்கு வேகம், பாம்புக்கு மறைஞ்சு போற சக்தி, குதிரைக்கு காயம் ஆத்தறது, இப்போ தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஒரு வரி ஞாபகம் இல்ல. 2000லேருந்து 2005 வரைக்கும் 95 எபிசோடு, அதோட முடிச்சுட்டாங்க. அதுல ஒரு எபிசோடுல எதிர்காலத்தைக் காட்டுவாங்க, ஜாக்கியை மாமான்னு கூப்பிடற குட்டிப் பொண்ணு ஜேட் பெரியவளாகி செக்‌ஷன் 13ங்கற ரகசிய போலீஸ் அமைப்புக்கே தலைவியா நிப்பா. அட, காமிக்ஸுக்கு கதை அங்கயே கிடக்கு பாருங்க! பெரிய ஜேட், அவகூட சொல்பேச்சு கேக்காத ஒரு புதுப் பொடுசு, வயசான ஜாக்கி மாமா. யாரையும் கொல்ல வேண்டாம், யாரு கையையும் வெட்ட வேண்டாம், பழசு தெரிஞ்சவனுக்கும் சந்தோஷம், தெரியாத பிள்ளைக்கு அந்தப் பொடுசு போதும். உரிமை சோனிகிட்ட இருக்கு, ஜாக்கி சான் பேரும் முகமும் வேற அதுல கலந்திருக்கு, அதனால லேசுல நடக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆசைப்படறதுக்கு காசா பணமா.

எங்க குமரி மாவட்டத்துப் பிள்ளேளுக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக் கடைகள்ல தமிழ் பேப்பரோட பாலரமாங்கற மலையாள சிறுவர் பத்திரிகையும் தொங்கும். எங்க பாட்டி திருவிதாங்கூர் காலத்துல மலையாளம் படிச்சவங்க, 1956ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தாலும் அவங்க படிச்ச எழுத்து அவங்களோடயேதானே இருக்கும், அதுல வர்ற மாயாவிங்கற குட்டிச்சாத்தான் கதையை மலையாளத்துல பாத்து எங்களுக்கு தமிழ்ல சொல்லுவாங்க, குந்தத்துல, அதாவது ஈட்டியில, ஏறிப் பறக்கற குட்டிப் பிசாசு லுட்டாப்பிக்கு பாட்டியே ஒரு குரல் வச்சிருந்தாங்க. 2019ல பாலரமாவுல டிங்கினின்னு புதுசா ஒரு கேரக்டர் வரப்போவுதுன்னதும் லுட்டாப்பியைத் தூக்கிருவாங்கன்னு சோஷியல் மீடியால 'சேவ் லுட்டாப்பி'னு ஒரே களேபரம். யாரு கத்தினது? மீசை வச்ச ஆளுங்க! பிள்ளேளுக்கு ஃபேஸ்புக் ஏது. எனக்கும் லுட்டாப்பி பிரியம்தான், ஆனா அது சின்னப் பிள்ளேளோட புக்குன்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் வரல. இப்போ உங்க கட்டுரையை வாசிக்கும்போதும் எனக்கு அதே எரிச்சல்தான் வந்துச்சு.

காமிக்ஸும் கார்ட்டூனும் ஒண்ணுக்கொண்ணு வேண்டாதது இல்ல. டக் டேல்ஸ் கார்ட்டூன்ல வர்ற கஞ்சப் பணக்கார வாத்து அங்கிள் ஸ்க்ரூஜை கார்ல் பார்க்ஸ் 1947ல காமிக்ஸ்லதான் முதல்ல வரஞ்சாரு, கார்ட்டூன் வந்தது 1987ல, இப்போ திரும்பவும் காமிக்ஸ். நம்ம மோட்டு பட்லு கூட லோட்போட்ங்கற ஹிந்திப் பத்திரிகையில இருந்தவங்கதான், 2012லதான் டிவிக்கு வந்தாங்க. பத்திரிகையில வாரா வாரம் பிள்ளேள் வாசிச்சதாலதான் பின்னாடி அதுல காசு வந்துச்சு, மொதல்லயே காசுள்ள மாமாக்களைத் தேடிப் போயிருந்தா மோட்டு பட்லு இன்னைக்கு இருக்குமா?

சிவகாசியில 1972லேருந்து முத்து காமிக்ஸ், 1984லேருந்து லயன் காமிக்ஸ்னு விடாம நடத்திட்டு வர்றாங்க, அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனா நான் பாத்த வரைக்கும் அதை வாங்குறதும் நரைச்ச தலைங்கதான், இரும்புக்கை மாயாவி மறுபதிப்பு வந்தா எங்க சித்தப்பா வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிருவாரு, பேரன் தொட்டா அடி விழும்.

அதனால நான் கேக்கறது ரொம்ப சின்ன விஷயம். நல்ல கிளேஸ் பேப்பர் வேண்டாம், கெட்டி அட்டை வேண்டாம், வெளிநாட்டு உரிமை வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல. உங்க பேப்பரோட சிறுவர் இணைப்பு அஞ்சு ரூபா பேப்பர்கூட சும்மாதானே வருது, அது தோவாளை பூச்சந்தையில வேலை பாக்கற அம்மாவோட பிள்ளைக்கும் கிடைக்கும், குலசேகரத்துல ரப்பர் வெட்டுற அப்பாவோட பிள்ளைக்கும் கிடைக்கும். அதுல வாராவாரம் ஒரு தொடர்கதை காமிக்ஸ் போடுங்க, கருப்பு வெள்ளையே போதும், "தொடரும்"னு முடியட்டும், அடுத்த வாரம் வரைக்கும் பிள்ளை காத்துக் கிடக்கட்டும். வரையறதுக்கு ஆளு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க, நாகர்கோவில்ல சுவர் சுவரா வரஞ்சு வச்சிருக்கற பசங்களை வந்து பாருங்க. இடம் இல்லைன்னும் சொல்ல முடியாது, இந்த வாரம் கூட கடைசிப் பக்கத்துல பாதிக்கு மேல டியூஷன் சென்டர் விளம்பரம், எனக்கு அந்தப் பாதிப் பக்கம் போதும் சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன் ஒருத்தன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.