பார்சலில் வைக்காத பாட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சல் நேற்றே போய்விட்டது. கேழ்வரகு மாவு, பருப்புப்பொடி, அம்மா தைத்த நான்கு ஜபலா எல்லாம் இருக்கிறது. நீ கேட்ட வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் இல்லை. மறக்கவில்லை. அம்மா வைத்ததை நான்தான் வெளியே எடுத்தேன். போனில் சொன்னால் அவள் பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "ஒரு ஃபில்லர் நிறைய எடுத்து வாயில் விடு, இங்கே எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான்" என்றாளே, இங்கே அது பெரும்பாலும் சரி. ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள மருந்துதான் அதிகம், கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதும் 400. (மில்லிக்கு 800 உள்ளதும் நம் ஊரிலேயே உண்டு. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.) ஆனால் லண்டனில் நீ வாங்கி வைத்திருப்பது, ஒரே சொட்டில் ஒரு நாள் அளவு அடங்கிய எண்ணெய் மருந்து என்றாய். இங்கிருந்து மருந்தோடு போகும் ஃபில்லர் அந்தப் பாட்டிலுக்குள் நுழைந்தால்? அது பிடிக்கும் ஒரு மில்லியில் முப்பது சொட்டாவது இருக்கும். அது 12,000 யூனிட். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு 1,000, ஒரு வயது வரை 1,500, இந்த அளவைத் தாண்டவே கூடாது. போதாததற்கு அங்கே லேபிளில் மைக்ரோகிராம் என்று போடுகிறார்கள், இங்கே யூனிட். 10 மைக்ரோகிராம்தான் 400 யூனிட். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுவாயா?

"சத்து மருந்துதானே, மிஞ்சினால் மூத்திரத்தில் போய்விடும்" என்று நானே நம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று சொல்லியிருக்கிறேன். அது பி காம்ப்ளெக்ஸுக்குப் பொருந்தும். டி கொழுப்பில் போய்த் தங்கும். குடலிலிருந்து கால்சியத்தை அளவுக்கு மேல் இழுத்து ரத்தத்தில் ஏற்றும்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது, உன்னிடம் சொன்னதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கால் வளைந்திருக்கிறது என்று டாக்டர் 60,000 யூனிட் குட்டிப் பாட்டில் எழுதியிருந்தார், வாரம் ஒன்று. பிள்ளையின் தாத்தா நான்கு வாங்கிப் போனார். ஐந்தாம் நாள் மறுபடி நான்கு. அப்புறமும் நான்கு. கடைப் பையன் எடுத்துக் கொடுத்தான், நான் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டேன். ஒரு மாத மருந்து நான்கு நாளில் எப்படித் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை வாந்தி எடுத்தது, சோறு வேண்டாமென்றது, வெளிக்குப் போகாமல் முக்கியது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, அரைமணிக்கொரு தரம் ஜட்டியை நனைத்தது. வயிற்றுக் கோளாறு என்றே சில நாள் வைத்தியம் நடந்தது. ரத்தத்தில் கால்சியம் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மருந்தை நிறுத்தி, சலைன் ஏற்றியும், இறங்க வாரக்கணக்கானது. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கவர் மேல் "வாரம் ஒன்றே ஒன்று" என்று சிவப்பு மையில் எழுதாமல் அந்த மருந்தை நான் கொடுத்ததில்லை.

நீ இருக்கும் நாடும் இதில் ஒருமுறை சுட்டுக்கொண்டதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பால்பவுடர், குழந்தை உணவு, மீன் எண்ணெய் எல்லாவற்றிலும் டி சேர்த்துக் கொடுத்து, 1950களில் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய், 1957இல் அளவைக் குறைத்தார்கள்.

அதற்காகப் பயந்து நிறுத்திவிடாதே. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே அடிக்கும் வெயிலில் உடம்பு டி தயாரிக்காது. இங்கே அம்மா சொல்கிற இளவெயில் வைத்தியத்தில் ஒரு நன்மை, வெயிலால் டி மிஞ்சிப் போகாது. என்றைக்காவது கை தவறி ஒரு சொட்டு கூட விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. தினமும் தவறினால்தான் ஆபத்து. பிள்ளை பவுடர் பாலும் குடிக்கிறான் என்றாயே, ஒரு நாளில் எத்தனை மில்லி? 500க்கு மேல் போனால் அதிலேயே போதுமான டி இருக்கிறது, சொட்டு மருந்தே வேண்டாம் என்பது உங்கள் ஊர் அரசு மருத்துவத் துறை சொல்வதுதான். நர்ஸ் வரும்போது கேட்டுக்கொள்.

மாப்பிள்ளையை அந்தப் பாட்டிலை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல். சின்ன எழுத்து தெரிகிற மாதிரி. கண்ணாடி மாற்றியாகிவிட்டது, நான் படித்துவிடுவேன்.

அப்பா