செடி யாருக்குச் சமைக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த வாரம் சிறுவர் பக்கத்தில் உணவு தரும் தாவரங்கள் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. படங்கள் அழகு. முதல் வரிதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது: "தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு நமக்கு உணவு தயாரிக்கின்றன." நான் 31 வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த வரியை எத்தனை விடைத்தாளில் சிவப்பு மையால் அடித்திருப்பேனோ, கணக்கே இல்லை. 'நமக்கு' என்ற ஒரு சொல்லைத்தான் அடிப்பேன். மிச்சமெல்லாம் சரி.

செடி சமைப்பது தனக்கு. இலையில் சர்க்கரை செய்து, செலவு போக மிஞ்சியதை மாவாக்கிக் கிழங்கிலோ விதையிலோ பதுக்கி வைக்கிறது. கிழங்கு, அடுத்த பருவத்தில் தான் துளிர்க்க. விதை, பிள்ளை முளைக்க.

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம் தொடங்கும்போது ஆளுக்கொரு பீன்ஸ் விதை கொடுப்பேன், முந்தின நாளே ஊறவைத்தது. நகத்தால் லேசாகக் கீறினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் இரண்டு பருப்பையும் புத்தகம் போலத் திறந்தால், ஓரத்தில் ஒரு குட்டிச் செடி படுத்திருக்கும். ஒரு வெள்ளை வால், அது வேராகப் போவது. மறுமுனையில் மடித்து வைத்த இரண்டு இலை. லென்ஸில் பார்த்தால் நரம்புகூடத் தெரியும். "இந்த இரண்டு பருப்பும் அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. இலை விரித்துச் சொந்தமாகச் சம்பாதிக்கிற வரைக்கும் பிள்ளைக்கு இதுதான் சாப்பாடு" என்பேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்போ நாம அதைத் திருடித்தான் சாப்பிடுறோமா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடப் பாடக்குறிப்பில் நான் எழுதாமல் விட்ட வரி அது.

நெல்லும் அப்படித்தான். மணியின் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் சின்ன முளைக்கருதான் பிள்ளை. நாம் சோறாக்குவது அதன் கட்டுச்சோற்றை. தீட்டும்போது பிள்ளை தவிட்டோடு போய்விடுகிறது.

பழம் மட்டும் விதிவிலக்கு. சதையைத் தின்றுவிட்டு விதையை எங்காவது தள்ளிக் கொண்டுபோய்ப் போடு என்று பறவைக்கும் விலங்குக்கும் செடி கொடுக்கிற வண்டிக்கூலி அது. மற்றதெல்லாம் செடி காவல் காக்கிற சொத்து. காவலுக்கு விஷம். வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கை ஒதுக்கச் சொல்வது சொலனைன் என்ற விஷத்துக்குப் பயந்துதான். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டவர் வயிறு அதை மறக்காது. மரவள்ளியின் கசப்பு ரகங்களில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. துருவி, ஊறவைத்து, பிழிந்து, வேகவைத்தால்தான் சாப்பாடு. தென் அமெரிக்காவில் அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் இல்லை.

என் வருத்தமே இதுதான். உங்கள் அரைப்பக்கத்தில் சூரியன் இருக்கிறது, மழை இருக்கிறது, மண்புழுகூட இருக்கிறது. விவசாயி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. செடி நமக்காகவே சமைத்து வைத்திருந்தால் விவசாயிக்கு அங்கே என்ன வேலை, பரிமாறுவதா?

காட்டுக் கோதுமையும் காட்டு நெல்லும் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். செடிக்கு அது நல்லது, அறுக்க வருகிறவர் கையில் வெறும் தாள். கூட்டத்தில் ஒன்றிரண்டு செடிக்கு மணி உதிராத கோளாறு இருக்கும். காட்டில் அதன் வம்சம் தேறாது. ஆனால் அறுத்துக் கொண்டுபோனவர் கதிர்க்கட்டில் அதிகம் சேர்ந்தது அந்தக் கோளாறுக் கதிர்தான். அடுத்த விதைப்பும் அதிலிருந்துதான். மேற்கு ஆசியாவில் கோதுமைக்கு இது நடக்கத் தொடங்கிச் சுமார் 10,000 வருடம் ஆகிறது. உதிராத ரகம் வயலை முழுக்கப் பிடிக்க ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆனது. எப்படித் தெரியும் என்றால், பழைய குடியிருப்புகளைத் தோண்டும்போது கிடைக்கிற கருகிய கதிர்த்துண்டுகள். முனை வழவழப்பாக இருந்தால் தானாக உதிர்ந்தது. பிய்ந்து கரடுமுரடாக இருந்தால் மனிதர் போரடித்தது. மேல் அடுக்குகளுக்கு வர வர, பிய்ந்த துண்டுகள் கூடிக்கொண்டே வருகின்றன. ஒருவருக்கும் தன் ஆயுளில் மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

மக்காச்சோளத்தில் இன்னும் பெரிய வேலை. மெக்சிகோவில் சுமார் 9,000 வருடத்துக்கு முன் தியோசின்ட் என்ற புல்லில் தொடங்கினார்கள். அதன் கதிரில் ஐந்திலிருந்து பன்னிரண்டு மணிதான், ஒவ்வொன்றும் கல் மாதிரி ஓட்டுக்குள். இன்றைய கதிரில் நூற்றுக்கணக்கான மணி, ஓடு இல்லை. ஆனால் மனிதர் கைவிட்டால் கதிர் முழுசாக விழுந்து, அத்தனை முளையும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துச் சாகும்.

அப்புறம், "பல்லாயிரம் செடிகள் நமக்கு உணவளிக்கின்றன" என்றும் போட்டிருந்தீர்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கில், உணவுக்காகப் பயிரிடப்பட்டவை சுமார் 6,000 வகை. ஆனால் 2014 விளைச்சலை எடை போட்டுப் பார்த்தால் 66 சதவீதம் ஒன்பதே பயிர்: கரும்பு, மக்காச்சோளம், நெல், கோதுமை, உருளைக்கிழங்கு, சோயா, எண்ணெய்ப்பனை, சர்க்கரை பீட்ரூட், மரவள்ளி. (கரும்பின் கனத்தில் பெரும்பங்கு தண்ணீர், அதனால் எடைக் கணக்கை அப்படியே வயிற்றுக் கணக்காக எடுக்கக்கூடாது.) சிலதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து போதும். பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கின் கண்ணை வெட்டி வெட்டி நட்டு வந்தார்கள். 1845இல் ஒரு கருகல் நோய் வந்து வயலை எல்லாம் அழுகவைத்தது. பட்டினியிலும் நோயிலும் இறந்தவர்கள் சுமார் 10 லட்சம்.

இன்னொன்றும் அந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ் நாடு நாடாகத் திரிந்து சேர்த்த விதைகள் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இருந்தன. 1941 முதல் 1944 வரை நகரம் ஜெர்மன் படையின் முற்றுகையில் கிடந்தபோது, அவற்றைக் காத்த ஊழியர்களில் பலர் பசியாலேயே செத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் அரிசி இருந்தது, வேர்க்கடலை இருந்தது. விதைக்கென்று வைத்ததை அவர்கள் தொடவில்லை. என் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு அன்றைக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். நேர் பதில் இல்லைதான்.

கேட்பது பெரிய விஷயமில்லை. 'நமக்கு' என்பதை எடுத்துவிட்டு 'தமக்கு' என்று ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் பீன்ஸ் சோதனையையும் சேருங்கள். முழு விதை வேண்டும், ஓர் இரவு ஊறினால் போதும். ஊறிய பச்சை விதையைப் பிள்ளைகள் வாயில் போடக்கூடாது என்றும் ஒரு வரி. ஓவியரிடம் இலையை மடித்தே வரையச் சொல்லுங்கள். போன வாரப் படத்தில் அது விதைக்குள்ளேயே விரிந்து நின்றது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை