சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போ

காரைக்குடி,
ஆனி மாதம்.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. அழகப்பாவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற வரியைப் படித்ததும் அப்படியே ஆத்தாவிடம் போய் வாசித்துக் காட்டினேன். நம் செட்டியார்கள் பர்மாவில் நடத்திய கடைகளிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்களையும் கணக்கேடுகளையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றதும், "நல்ல வேலை. எத்தனை வீட்டில் எடைக்குப் போட்டுவிட்டார்கள் தெரியுமா" என்றார். உண்மைதான். பிள்ளைகள் வளர்ந்த பிறகு நீ மறுபடி படிக்க வந்ததும், வந்து எடுத்த விஷயமும் எனக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று எழுதி முடியாது.

நீ கேட்ட லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். 15.6 அங்குலத் திரையும் தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ள ஒன்றை அண்ணன் பார்த்து வைத்திருக்கிறார், வாங்குவதை ஒரே தடவையாக வாங்கிவிடுவோம், தம்பிக்கும் ஆகும் என்கிறார், எடைதான் உனக்கு யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் யோசனைதான் சரி. நான் சொன்னதாகவே அண்ணனிடம் சொல்: அது மேசையில் வைத்து வேலை பார்க்க நல்ல மெஷின். தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவளுக்கு ஆகாது.

அந்த மாதிரி லேப்டாப் இரண்டேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். அதோடு போகாது. அதன் சார்ஜரே அரைக் கிலோவுக்குக் குறையாது, அதை வீட்டில் விட்டுவிட்டும் வர முடியாது. ஏனென்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் பேட்டரி இறங்கிவிடும். கிட்டத்தட்ட மூன்று கிலோ. அதற்கு மேல் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, சாப்பாட்டு டப்பா, குடை, நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகம். கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்க்கும்போது எதுவும் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே தேவகோட்டை ரஸ்தா தாண்டும்போது தோள்பட்டை சொல்லும்.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போய், சாயங்காலம் வரை வேலை பார்த்துவிட்டு வர முடியுமா? முடியும் என்றால் அந்த லேப்டாப் பயணத்துக்கு ஏற்றது. முடியாது என்றால் அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் வேண்டாம். புதுக்கோட்டைக்கு ரயிலில் போய் வருகிற நான் இந்த ஒன்றைப் பார்த்துத்தான் 14 அங்குலத்தில், 1.3 கிலோவில் ஒன்றை வாங்கினேன். சார்ஜர் வீட்டு மேசையை விட்டு நகர்வதே இல்லை.

இதற்குப் பெட்டியில் போட்டிருக்கும் "18 மணி நேரம்" என்ற எழுத்தை நம்பாதே. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ ஓடவிட்டு எடுக்கிற கணக்கு அது. பேட்டரி எத்தனை வாட்-அவர், அதாவது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று கேள். எழுதுவதும் படிப்பதுமாக இருந்தால் மணிக்கு ஏழெட்டு வாட்-அவர் போகும். 60 வாட்-அவர் பேட்டரி என்றால் ஏழெட்டு மணி நேரம் வரும், உனக்கு அது போதும். ஐம்பதுக்குக் கீழே போனால் யோசி. பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் பார்த்துக்கொள். இன்டெலில் 'எச்' என்று முடிந்தால் வேகம் அதிகம், மின்சாரமும் அதிகம் இழுக்கும். 'யூ' அல்லது 'வி' என்று முடிவது உனக்கு. ஆய்வேடு எழுதுவதற்கும் பிடிஎஃப் படிப்பதற்கும் பெரிய பிராசஸர் எதற்கு?

அப்புறம் டைப்-சி சார்ஜிங் கட்டாயம் இருக்க வேண்டும். என்றைக்காவது சார்ஜ் குறைந்தால் துறையில் யாரிடமாவது 65 வாட் டைப்-சி சார்ஜர் இருக்கும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பஸ்ஸைப் பற்றி இன்னும் ஒன்று. காலை எட்டு, எட்டரை டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்று உனக்கே தெரியும். உட்கார்ந்திருக்கிற அக்கா யாரிடமாவது பையை நீட்டுவோம். அவர் மடியில் ஏற்கெனவே ஒரு பை இருக்கும், உன் பை அதன் மேல் போகும், அதன் மேல் இன்னொரு பள்ளிக்கூடப் பை வந்து உட்காரும். அத்தனை அழுத்தமும் லேப்டாப்பின் மூடி மேல்தான். அதனால் கடையில் திரையைத் திறந்து வைத்துவிட்டு, மூடியின் பின்பக்கம் நடுவில் விரலால் லேசாக அழுத்திப் பார். முன்னால் படம் அலை அடித்தால் மூடி மெலிசு என்று அர்த்தம். ஓரங்களைப் பிடித்து மெதுவாக முறுக்கியும் பார், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எடையைக் குறைக்கிறோம் என்று மூடியைத் தகடு மாதிரி ஆக்கிவிட்ட மாடல்கள் இருக்கின்றன. பஸ் பயணத்துக்கு அவை தாங்காது. அதற்காக நூறு கிராம் கூடினாலும் எனக்குச் சம்மதம்.

திரையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, உன் வேலை முழுக்க அதில்தான். நீ எழுதப்போவது உங்கள் வீட்டு வளவில், முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் உட்கார்ந்துதானே? நடுவில் வானம் திறந்திருக்கிற வீடு. பளபளப்பான திரை வாங்கினால் மதியம் அதில் வானமும் தூண்களும்தான் தெரியும், எழுத்து தெரியாது. பிரதிபலிக்காத மேட் திரையாகக் கேள். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது, 400 கிடைத்தால் நிம்மதி. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தில் 16:9 வேண்டாம், 16:10 எடு. 1920-க்கு 1200 என்று போட்டிருப்பார்கள். மேலும் கீழும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைப்பதால் ஒரு பக்கத்தைப் பார்க்க அடிக்கடி உருட்ட வேண்டியதில்லை.

நிறத்தையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று ஒரு திரை வரும். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு அது. வெளிறிப்போன மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு அது போதும். உனக்குப் போதாது. பழுப்பேறிய தாளில் பழுப்பு மையில் எழுதிய வரியை, ஓரத்தில் வேறொரு கை எழுதிய குறிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியவள் நீ. நிறத்துக்கான இன்னொரு அளவான 'எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம்' உள்ள திரையைக் கேட்டு வாங்கு. பிராசஸரில் மிச்சம் பிடிக்கிற காசு இங்கே போகட்டும்.

ரேம் 16 ஜிபி. இதில் இறங்கி வராதே. "எட்டு போதும் மேடம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு ஏற்றவே முடியாது. தமிழ் மின்னூலகத்திலிருந்து இறக்கிய முந்நூறு பக்க ஸ்கேன் நூல்கள் மூன்று, ஒரு பக்கம் ஆய்வேடு, பிரவுசரில் இருபது பக்கம் என்று திறந்து வைத்துப் பார், எட்டு ஜிபி திணறும். எஸ்எஸ்டி 512 ஜிபி எடு. அது நிறைந்தால் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் மாற்றிக்கொள்ளலாம்.

நீ கேட்ட மேக்புக் ஏர் நல்ல மெஷின்தான். 13 அங்குலம் 1.24 கிலோ, உள்ளே விசிறியே இல்லை. நம் ஊர்ப் புழுதிக்கு அது ஒரு பெரிய வசதி. 2024 கடைசியிலிருந்து அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி தருகிறார்கள், மாணவர்களுக்கு விலைச் சலுகையும் உண்டு. ஆனால் திரை பளபளப்பு. உங்கள் வளவை நினைத்துத்தான் தயங்குகிறேன். நீ உள் அறையில் உட்கார்ந்து எழுதுவாய் என்றால் தாராளமாக அதையே வாங்கு. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் பேட்டரியில் கெட்டி. ஆனால் பழைய ஸ்கேனர், பிரிண்டர்களுக்கு அதில் ஓடும் டிரைவர் இல்லாமல் போகலாம். நீ கடிதங்களை ஸ்கேன் செய்ய வேண்டியவள். அதனால் உனக்கு அது வேண்டாம் என்பேன்.

பழையதை வாங்கலாமா என்று அண்ணன் கேட்டிருந்தார். கம்பெனிகள் கழித்துவிட்ட 14 அங்குல லேப்டாப்கள் நல்ல விசைப்பலகையோடு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதவை. பேட்டரியும் தேய்ந்திருக்கும், புதியது போடுகிற செலவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் எழுபதாயிரம் இருக்கிறது என்றாய். அப்படியானால் புதியதே வாங்கு.

பேட்டரியை எப்படி வைத்துக்கொள்வது என்று சிக்ரியில், நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வேலை பார்க்கிற எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற இடம் அல்லவா? அவர் சொன்னது சுருக்கமாக: வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால் பேட்டரிக்குக் கேடு. வீட்டில் இருக்கும் நாட்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும்படி செட்டிங்கில் வைத்துக்கொள். பயணத்துக்கு முதல் நாள் இரவு மட்டும் முழுதாக ஏற்று. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒருபோதும் வைக்காதே.

உங்கள் மாதிரிப் பழைய வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ரெண்டு பின் பாயிண்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். எர்த் இல்லாததால் வருவது அது. மூன்று பின் உள்ள சார்ஜராகப் பார், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எர்த் சரியாக உள்ள பாயிண்ட் ஒன்றைப் பட்டாலைப் பக்கம் போட்டுக்கொள். மாதாந்திர மின்தடை நாளில் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. அன்றைக்கும் பேட்டரிதான் துணை.

தமிழில் தட்டச்சுக்கு விசைப்பலகையில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கிறதா என்று தேடாதே. விண்டோஸ் 11-இலும் மேக்கிலும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு உள்ளேயே இருக்கிறது. 1999-இல் அரசு ஏற்ற அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு, புள்ளியைப் பல இடங்களில் அதுவே போட்டுக்கொள்ளும். ஒரு மாதம் பழகினால் போதும். ஆய்வேட்டை முதல் வரியிலிருந்தே யூனிகோடில் எழுது. அடிக்குறிப்புகளுக்கு ஸோட்டெரோ என்ற மென்பொருள், இலவசம்தான். நூல் விவரங்களை இன்றிலிருந்தே அதில் சேர்க்க ஆரம்பித்துவிடு.

வாரண்டியில் 'ஆன்-சைட்' என்று இருந்தால் நம் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் ஒரு வாரம் கையில் மெஷின் இல்லாமல் இருக்க வேண்டும். தவறி விழுந்தால் சரிசெய்து தரும் கூடுதல் காப்பும் வாங்கு. பஸ்ஸில் போகிறவளுக்கு அது வீண் செலவு இல்லை.

ரோஜா முத்தையா நூலகத்துக்குச் சென்னை போக வேண்டியிருக்கும் என்றாயே, என்னையும் கூட்டிக்கொண்டு போ. நம் கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆயுள் முழுதும் தேடித் தேடிச் சேர்த்தது. அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994-இல் சென்னையில் நூலகமாக்கியது. இத்தனை பக்கத்தில் இருந்த சேகரிப்பை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு போகலாம்.

இங்கே எல்லோரும் நலம். கொப்புடையம்மன் கோவில் செவ்வாய்த் திருவிழா நன்றாக நடந்தது, நீ வராததை அத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் அதே பேச்சு. ஆத்தாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சனிக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா, செக்காலை ரோட்டில் கடைகளைப் பார்த்துவிடலாம். சாப்பாடு நம் வீட்டில். தினமும் கொண்டுபோகப் போகிற பையை, டப்பாவும் தண்ணீரும் போட்டே எடுத்து வா, அதில் வைத்துத் தோளில் மாட்டித்தான் எடை பார்க்க வேண்டும். பர்மாக் கடிதங்களில் இரண்டு மூன்றை போனில் படம் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள். மங்கிப்போன வரி உள்ள கடிதமாக எடு. கடையில் ஒவ்வொரு திரையிலும் அதையே திறந்து பார்ப்போம்.

அன்புடன்,
தெய்வானை